கியர்பாக்ஸைக் கருக்குவது எப்படி?

கொலராடோவில் கோடை வந்துவிட்டது. டென்வர் சுற்றுவட்டாரத்து நம்மவர்கள் ஒவ்வொருவராகப் பிக்கப் டிரக்கும் அதன் பின்னால் இழுத்துப் போகக் கேம்பர் டிரெய்லரும் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். மகிழ்ச்சி. வருத்தம் ஒன்றே ஒன்றுதான். பலருக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை முறையாகக் கொல்லத் தெரியவில்லை. அரைகுறையாகக் காயப்படுத்தி ஐந்தாறு வருடம் இழுத்தடிக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் ஒரே சீசனில் முடிகிற வேலை இது.

என் தகுதியைக் கேட்பவர்களுக்கு: இதுவரை இரண்டு. மூன்றாவது வாசலில் நிற்கிறது, சிவப்பாக ஒழுகிக்கொண்டு.

புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. முக்கால்வாசியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். நான் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. வாங்கும்போது குனியாதீர்கள்

ஒரு லட்சம் மைல் ஓடிய பிக்கப்பாகப் பாருங்கள். "இதில் டிரெய்லரே இழுத்ததில்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்தான் போகும்" என்பார் விற்பவர். நம்புங்கள். பின்பக்கம் குனிந்து, டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் குழாய்க்குள் பார்த்தால் இரும்பு தேய்ந்து பளபளவென்று இருக்கும். எனவே குனிய வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயிலின் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்ப்பது விற்பவரைச் சந்தேகப்படுவது ஆகும். நாம் அப்படி வளர்க்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குங்கள். மக்கர் பண்ணும் வண்டிக்கு அமெரிக்காவில் எலுமிச்சை என்றே பெயர் என்பதை அன்றைக்கு யாரும் நினைவூட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. விளம்பரத்து எண்ணை மனப்பாடம் செய்யுங்கள்

உங்கள் வண்டி இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும் என்று ஒரு பெரிய எண் இருக்கும். அது போதும். அந்த எண் எப்படி வந்தது என்று தோண்டாதீர்கள். தோண்டினால் எஸ்ஏஈ என்ற பொறியாளர் சங்கத்தின் ஜே2807 தர அளவில் போய் முட்டுவீர்கள். அரிசோனாவில் டேவிஸ் அணை அருகே சுமார் 12 மைல் நீள ஏற்றம், 3,000 அடிக்கு மேல் உயரம், வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாத வெயில், உள்ளே ஏசி முழு வேகம். அதில் சாதாரண பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் கீழே தொய்யாமல் ஏற வேண்டும். உள்ளே ஒரு டிரைவர், ஒரு துணை, ஆளுக்கு 150 பவுண்டு என்று கணக்கு. 150 பவுண்டு என்பது 68 கிலோ. கல்யாண ஆல்பத்தில் இருப்பவர் அல்ல, இன்று ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் எத்தனை கிலோ என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் தெரியும்: ஆட்களும் சரக்கும் சேர்த்து இத்தனை பவுண்டுதான் என்று. உதாரணமாக 1,500 என்று வைத்துக்கொள்வோம். கேம்பர் 5,800 பவுண்டு என்று பிரசுரம் சொல்லும். அது வெறும் வண்டி. தண்ணீர், கேஸ் சிலிண்டர், பேட்டரி, குக்கர், இட்லி கிரைண்டர், நாலு பேர் துணிமணி எல்லாம் ஏறினால் 7,000 ஆகிவிடும். 40 கேலன் தண்ணீர் மட்டுமே 330 பவுண்டுக்கு மேல். டிரெய்லரின் மூக்கு எடையாகப் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் டிரக்கின் முதுகில் உட்காரும். 12 சதவீதம் என்றால் 840 பவுண்டு. குடும்பம் 600. மிச்சம் 60. ஹிட்ச் கருவி மட்டுமே அதைத் தின்றுவிடும்.

இந்தக் கணக்கை ஒருபோதும் போடாதீர்கள். ஸ்டிக்கர் மேல் குழந்தையின் டோரா படத்தை ஒட்டிவிடுங்கள்.

3. பணத்தைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் செலவழியுங்கள்

கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கத் தனியாக ஒரு கூலர் மாட்டலாம். கிரில்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நூறு டாலர் சொச்சம் கொடுத்து, யாருமே பார்க்க முடியாத ஒன்றை எதற்கு வாங்க வேண்டும்? அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு 35 அங்குல டயர் மாட்டுங்கள். கம்பீரமாக இருக்கும். பெரிய டயரை உருட்ட எஞ்சினும் கியர்பாக்ஸும் கூடுதலாகத் திணற வேண்டும். ஒரே செலவில் அழகும் ஆயுள்குறைப்பும்.

4. ஆயிலைத் தொடாதீர்கள், தொட்டால் தப்பாகத் தொடுங்கள்

பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டும். சிலவற்றில் பார்க்கில் வைத்து, சிலவற்றில் நியூட்ரலில் வைத்து. நீங்கள் விடியற்காலையில், எஞ்சின் அணைந்திருக்கும்போது பாருங்கள். மேலே சுற்றிய ஆயிலெல்லாம் இரவோடு இரவாகக் கீழே இறங்கித் தேங்கியிருக்கும். மட்டம் நிறைவாகத் தெரியும். மனசும் நிறையும். சில புது வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது. நம் வேலையில் பாதியைக் கம்பெனியே முடித்துக் கொடுத்துவிட்டது.

குறைந்திருந்தால் எதையாவது ஊற்றுங்கள். டெக்ஸ்ரான், மெர்கான், ஏடிஎஃப்+4 என்று கம்பெனிக்கு ஒரு ஜாதி உண்டு. ஒன்றின் வழுக்கலும் பிடிப்பும் இன்னொன்றுக்கு இருக்காது. ஆனால் எல்லாம் சிவப்புதானே! எஞ்சின் ஆயிலோடு குழம்பக் கூடாது என்று போட்ட சாயம்தான் அந்தச் சிவப்பு, அதற்கு வேறு அர்த்தமில்லை என்று மெக்கானிக் சொன்னால், அவருக்கு அழகுணர்ச்சி இல்லை என்று விட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்க கியர்பாக்ஸ் ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்துவந்தார்கள். கிளட்ச் தட்டுகள் முரட்டுத்தனமாகக் கவ்வாமல் பதமாகக் கவ்வுவதற்கு அதைவிட நல்ல சரக்கு அப்போது இல்லை. திமிங்கிலத்தைக் காப்பாற்றச் சட்டம் வந்தது. மாற்று எண்ணெய்கள் பிடிபடும் வரை கியர்பாக்ஸ்கள் நிறையவே படுத்தன. ஆயிலில் ஒரு சேர்மானம் மாறியதற்கே அந்தப் பாடு என்றால், எல்லா ஜாதி ஆயிலையும் ஒன்றாகக் கலக்கும் நீங்கள் எவ்வளவு சாதிக்கலாம்!

பின்சீட்டில் எட்டாவது படிக்கும் மகள் மேனுவலை எடுத்து வாசிக்க ஆரம்பிப்பாள். "அப்பா, டிரெய்லர் இழுத்தா அது கடும் உபயோகமாம். ஆயிலை சீக்கிரமே மாத்தணும்னு போட்டிருக்கு." மேனுவலை மெதுவாக வாங்கி டேஷ்போர்டு பெட்டிக்குள் வையுங்கள். பூட்டு இருந்தால் பூட்டுங்கள்.

5. ஏறுங்கள், ஒரே மூச்சாக

இனிதான் உண்மையான வேலை. டென்வர் 5,280 அடியில் இருக்கிறது. ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 60 மைல் போனால் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை, 11,158 அடி. ஏறத்தாழ 6,000 அடி ஏற்றம். கடைசிப் பகுதி ரொம்பவே செங்குத்து. காற்றும் மேலே போகப் போக மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் பலம் இழக்கும் என்பது பொதுக்கணக்கு. சுரங்க வாசலில் உங்களுடைய 300 குதிரைகளில் நூறு புல் மேயப் போயிருக்கும்.

கியர்பாக்ஸுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால்தான் நன்றாகக் கெடுக்கலாம். டார்க் கன்வெர்ட்டர் என்று ஒரு உருண்டை எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு டேபிள் ஃபேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சுழலவிட்டால், அதன் காற்று பட்டு எதிரில் இருப்பதும் சுழலும். காற்றுக்குப் பதில் இங்கே ஆயில். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது வித்தியாசமெல்லாம் சூடாகும். சமதளத்தில் சீராகப் போகும்போது உள்ளே ஒரு லாக்-அப் கிளட்ச் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும், சூடு அடங்கும். ஏற்றத்தில் பாரத்தோடு பூட்டுத் திறக்கும். நாம் விரும்புவது அதைத்தான்.

இதை நீட்டிக்க வழி உண்டு. டோ ஹால் என்று எழுதிய பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் கியர்பாக்ஸ் தாழ்ந்த கியரைப் பிடித்துக்கொண்டு, பூட்டை அடிக்கடி திறக்காமல், நிதானமாக ஏறும். அதில் என்ன சுவை? வெறும் டிரைவிலேயே விடுங்கள். வண்டி ஓவர்டிரைவ் என்ற மேல் கியருக்கு ஏறும், மூச்சு வாங்கி இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி கியர் அங்குமிங்கும் அல்லாடும். ஒவ்வொரு மாற்றத்திலும் கிளட்ச் தட்டுகள் கொஞ்சம் தேயும், ஆயில் கொஞ்சம் சுடும்.

வலது ஓரத்தில் லாரிகள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு தாழ்ந்த கியரில் ஊர்ந்து போகும். அவர்களுக்கு இது தொழில். உங்களுக்கு இது மானம். 7,000 பவுண்டைக் கட்டிக்கொண்டு இடது வரிசையில் 70-ல் போங்கள். ஒரு பிரியஸ் உங்களைத் தாண்டினால் மிதியைத் தரையோடு அழுத்துங்கள்.

6. சூட்டுக்கு மீட்டர் வட்டி கொடுங்கள்

தொழிலில் பல காலமாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. பழைய காலத்து ஆயிலுக்குப் போட்டது என்றாலும் போக்கு அதுதான். ஆயில் 175 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்தால் ஒரு லட்சம் மைல் உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயுள் பாதி. 195-ல் 50,000. 215-ல் 25,000. 235-ல் 12,000 சொச்சம். 255-ல் 6,000. 275-ல் 3,000. சௌகார்பேட்டை மீட்டர் வட்டிக்காரர்கூட இப்படிக் கறக்க மாட்டார்.

240-ஐத் தாண்டினால் ஆயில் உள்ளே வார்னிஷ் மாதிரிப் படியத் தொடங்கும். 260-ல் ரப்பர் சீல்கள் காய்ந்த வடகமாகும். 295-ஐ நெருங்கினால் கிளட்ச் தட்டுகள் பிடிப்பை விட்டுவிடும். இதையெல்லாம் காட்டும் மீட்டர் சில வண்டிகளில் டேஷ்போர்டு மெனுவில் ஒளிந்திருக்கும். அந்த இடத்தில் இளையராஜா பாட்டின் பெயர் ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் எஞ்சினைப் பட்டென்று அணையுங்கள். பார்க்கில் ஓடவிட்டால் ஆயில் கூலர் வழியாகச் சுற்றி ஆறிவிடும். அப்படி ஆற விடலாமா?

7. அறிகுறிகளுக்கு வேறு பெயர் வையுங்கள்

இந்தக் கலையின் உச்சம் இதுதான். கியர்பாக்ஸ் திடீரென்று சாகாது. பல மாதம் முன்னாலிருந்தே ஜாடை காட்டும். ஒவ்வொரு ஜாடைக்கும் கைவசம் ஒரு விளக்கம் இருக்க வேண்டும்.

"என்னங்க, ஏதோ கருகுற வாடை வருது."

"முன்னாடி போற லாரியோட பிரேக்கும்மா."

முன்னால் லாரியே இல்லையென்றால், பின்னால் வருகிற லாரி. ஹைவேயில் ஒரு லாரியும் இல்லையென்றால், காட்டுத் தீ. கொலராடோவில் அது எப்போதும் நம்பும்படியாக இருக்கும்.

டிரைவில் போட்ட பிறகு வண்டி நகர ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டியிருக்கிறதா? உள்ளே அழுத்தம் ஏற நேரமாகிறது. சீல் காய்ந்திருக்கலாம், ஆயில் குறைந்திருக்கலாம். அந்த மூன்று நொடியில் பிள்ளையாரை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மட்டும் உறுமி வண்டி வேகமெடுக்கவில்லையா? "பவர் ஜாஸ்தி" என்று பெருமைப்படுங்கள். ரிவர்ஸ் சரியாக விழவில்லையா? ரிவர்ஸ் தேவைப்படாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். வால்மார்ட் மைதானத்தில் எதிரும் புதிருமாக இரண்டு இடம் காலியாக இருந்தால் நேரே நுழைந்து நேரே வெளியேறலாம். நான் எட்டு மாதம் அப்படி ஓட்டியிருக்கிறேன்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று பொருள். ரேடியேட்டருக்குள்ளே இருக்கும் கூலர் குழாய் ஓட்டையாகி, கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது. கிளட்ச் தட்டில் உராய்வுப் பொருளை ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கூலன்ட் கரைத்துவிடும். இனி நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும்.

8. இறங்கும்போது பிரேக்கிலேயே நில்லுங்கள்

சுரங்கத்தின் மறுபக்கம் சில்வர்தார்ன் ஊர் வரை சுமார் 2,000 அடி இறக்கம். வழியில் பிரேக் போன லாரிகள் ஏறி நிற்கச் சரளைக்கல் மேடு கட்டி வைத்திருக்கிறார்கள். திரும்பி டென்வருக்கு வரும்போது, லாரிக்காரர்களே ஏமாந்துவிடாதீர்கள், இன்னும் நாலு மைல் செங்குத்து இறக்கம் பாக்கி என்று ஒரு போர்டு. நீங்கள் லாரிக்காரர் இல்லையே. தாழ்ந்த கியர் வேண்டாம்.

முகாமில் சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் பார்க்கில் மட்டும் தள்ளுங்கள். உள்ளே விரல் பருமனுக்கு ஒரு இரும்புக் கொக்கி ஒரு பல்சக்கரத்தில் விழுந்து, டிரக்கையும் டிரெய்லரையும் சேர்த்துத் தாங்கும். தாங்கும் வரை. ஏரிக்கரைப் படகுத்துறையில் இதைச் செய்தால் பார்வையாளர்களும் கிடைப்பார்கள்.

9. விளக்கு எரிந்தால் விளக்கை அணையுங்கள்

செக் எஞ்சின் விளக்கு வரும். இருபது டாலர் ஸ்கேனரைச் செருகினால் பி0700 என்று காட்டும். அதற்கு அர்த்தம், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் உங்களிடம் ஏதோ சொல்ல விரும்புகிறது என்பது மட்டுமே. என்ன சொல்ல வருகிறது என்று அடுத்து வரும் குறியீட்டைப் படிக்காமல் அழித்துவிடுங்கள்.

பிறகு வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு நொண்டும். இருப்பதைக் காப்பாற்றி உங்களை வீடு சேர்க்கக் கம்ப்யூட்டர் செய்யும் ஏற்பாடு அது. எஞ்சினை அணைத்துப் பத்து எண்ணி மறுபடி கிளப்புங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். "நானே ரிப்பேர் பண்ணிட்டேன்" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். டிரெய்லரை மறுபடி மாட்டுங்கள்.

10. கடைசி நேரத்தில் ஆயில் மாற்றுங்கள்

ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மைல் வரை தொடாத ஆயில் இப்போது கறுத்து, தட்டுகளிலிருந்து உதிர்ந்த தூளோடு ரசமண்டி மாதிரி இருக்கும். இந்த நிலையில்தான் அழுத்தம் கொடுத்து அலசும் கடைக்குப் போக வேண்டும். கிளம்பி வரும் மண்டி ஆயிலைப் பங்கிடும் வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் போய் அடைக்கும். இரண்டு வாரத்தில் வண்டி நிற்கும். அதன்பிறகு ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கலாம்: "ஆயில் மாத்தினதாலதான் கியர்பாக்ஸ் போச்சு."

11. புதிதையும் அதே வழியில் அனுப்புங்கள்

ஒருநாள் ஐ-70 ஓரத்தில், ஜார்ஜ்டவுனைத் தாண்டி நிற்பீர்கள். டிரக்கைத் தூக்கிப் போக ஒரு வண்டி வரும். பல ரோட்சைடு திட்டங்களில் டிரெய்லர் சேராது என்பதை அப்போது, பனிக்காற்றில், சின்ன எழுத்தில் வாசிப்பீர்கள்.

ரீபில்ட் செய்ய ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். இங்கேயும் மிச்சம் பிடிக்க வழி உண்டு. பழைய கூலரையும் குழாய்களையும் அப்படியே மாட்டச் சொல்லுங்கள். உள்ளே பழைய கியர்பாக்ஸின் இரும்புத் தூள் பத்திரமாக இருக்கும். எஞ்சினைக் கிளப்பிய முதல் நிமிடத்திலேயே அது புதியதற்குள் குடியேறும். என் இரண்டாவது போனது இப்படித்தான். கூலரை மாற்றச் சொல்லி மெக்கானிக் கெஞ்சினார், நான் பேரம் பேசினேன்.

12. விற்றுவிடுங்கள்

வண்டியைக் கழுவி, முன்பக்கமாக நின்று படம் எடுங்கள். பின்பக்கப் படம் வேண்டாம். வாங்க வருபவர் வருவதற்கு அரைமணி முன்பே ஓட்டிச் சூடாக்கி வையுங்கள், அல்லது ஓட்டவே ஓட்டாமல் குளிர்ந்தே வையுங்கள். எதில் கியர் ஒழுங்காக விழுகிறதோ அது. விளம்பரத்தில் "டிரெய்லர் இழுத்ததே இல்லை" என்று எழுதுங்கள். ஹிட்ச் பந்தைக் கழற்றி கராஜில் போடுங்கள். குழாயின் உட்புறம் தேய்ந்து பளபளக்கும் இடத்துக்கு ஒரு கை கறுப்புப் பெயின்ட் அடித்தால் போதும். அதுவும் அவசியமில்லை. வருபவர் எங்கே குனிந்து பார்க்கப் போகிறார்? நீங்கள் பார்த்தீர்களா?